மூன்றாவது வியாழக்கிழமையே அது சரிவந்துவிட்டது

றெஜினா இறந்த செய்தி ஒரு புதன்கிழமை காலை அவருடைய தொலைபேசியிலிருந்தே எனக்கு வந்தது. என் கண்கள் மங்கத் தொடங்கிய பிறகு, யார் அழைக்கிறார்கள் என்பதைக் காதால் அறிந்துகொள்ளட்டும் என்று என் மகன் சிலருடைய எண்களுக்குத் தனித்தனி மணியோசை வைத்துத் தந்திருந்தான். றெஜினாவுக்குரியது ஒரு குருவிச் சத்தம். அதைக் கேட்டதும் எடுத்து, "என்ன றெஜினா, நாளைக்கு வரேல்லை எண்டு சொல்லப்போறீரோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் ஓர் ஆண் மூச்சு விடுவது கேட்டது.

"நான் றெஜினாவின்ரை தம்பி, அன்ரி. அக்கா விடியக்காலமை போட்டா."

எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. நெஞ்சு நோகிறது என்றாராம். ஓட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். "ஃபோனிலை கடைசியாக் கதைச்சது உங்களோடை எண்டு கிடந்தது. அதுதான் உங்களுக்கு முதல் எடுத்தனான்" என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுத்த நாளுக்கென்று துடைத்து மேசையில் வைத்திருந்த இரண்டாவது தேநீர்க் கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். தடித்த கறுப்புப் பேனையால் ஒரு தாளில் பத்து வரிதான் இப்போது என்னால் எழுத முடியும். ஆகவே தாள்கள் அதிகம். ஒரு பக்கத்தில் அடங்கும் விடயமும் இதுவல்ல.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலானோர் குருநகர்க்காரர். படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைத் திருத்தும் பெண்ணாக நீங்கள் றெஜினாவை அறிவீர்கள். தோளில் கறுப்புப் பை, கையில் ஆண்கள் பிடிக்கும் பெரிய குடை, வேகமான நடை. அவரைப் பற்றி நீங்கள் இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவகச்சேரியில் ஒரு கிழவியின் பழைய கணினியில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது என்றும், ஒரு வருடத்துக்கு மேலாகப் போய் வந்தும் றெஜினாவால் அதைத் திருத்த முடியவில்லை என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கிழவி நான்தான். அந்தக் கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கண்களின் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஒரு முகத்தை நேரே பார்த்தால் தலைமுடியும் தாடையும் தெரியும், இடையில் புகை. நாளுக்கு மூன்று மணி நேரம் வாசித்துப் பழகியவள் நான். வாசிப்பு நின்றதும், கனடாவிலிருக்கும் மகன், யாரோ வாசித்துப் பதிவுசெய்த நாவல்களை அனுப்பத் தொடங்கினான். அவற்றைக் கேட்பதற்காக, விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய பழைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு வைத்துவிட்டுப் போனான். பெட்டிக்கு வயது போய்விட்டது, பாரமான எதையும் அது தாங்காது, இது இலேசானது என்றான். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சத்தம் வெட்டத் தொடங்கியது. ஒரு சொல்லின் தலை கேட்கும், வால் கேட்காது. சில நேரம் ஒரு வரியே நொண்டி நொண்டி வரும். மகனிடம் சொன்னால், "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ அம்மா" என்பான். சாவகச்சேரிக் கடைக்காரரிடம் சொன்னால், "லினக்ஸோ? அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசா ஒண்டு வாங்குங்கோ அம்மா" என்பார். நான் படித்த கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர்தான் றெஜினாவின் பெயரைச் சொன்னார்.

முதல் வியாழக்கிழமை அவர் வந்தபோது, "எங்கை அம்மா வருத்தக்காரர்?" என்று கேட்டார். நோயாளி என்று அவர் சொன்னது கணினியை. என்னை அம்மா என்று அழைக்க வேண்டாம், நமக்குள் இருபது வயதுதான் வித்தியாசம் என்றேன்.

"அப்ப அக்கா எண்டு கூப்பிடட்டே?"

"கூப்பிடும்."

"இருபது வயசு மூத்த அக்கா ஒருத்தி கிடைக்கிறது பெரிய காரியம்தான்" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்து அறிய என்னால் முடியாது. பிறகு பழகப் பழக, கேலி செய்யும்போது அவர் குரல் ஒரு படி தாழும் என்பதைக் கண்டுகொண்டேன்.

அவர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்தது. எடுத்தவுடன் எதையும் கழற்றவில்லை. வெட்டிய அதே நாவலைத் தன் தொலைபேசிக்கு மாற்றிப் போட்டுக் கேட்டார். வெட்டவில்லை. "கதையிலை பிழையில்லை. பெட்டியிலைதான்" என்றார். ஒலிபெருக்கியின் வயரை மாற்றினார், கேட்டார். வயரைப் பழையபடி மாட்டி, செருகும் துவாரத்துக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். உள்ளே கறள் பிடித்துத் துருவேறியிருந்தது. அந்தத் துவாரத்தை விட்டுவிட்டு, விரல் நீளத்தில் ஒரு சிறிய சாதனத்தைக் கணினியின் பின்புறம் செருகி, அதன் வழியாகச் சத்தத்தை வரச் செய்தார். கறகறப்பு நின்றது. வெட்டு நிற்கவில்லை.

"ரெண்டும் வேறை வேறை வருத்தம்" என்றார். "ஒண்டை மாத்தினால் ஒருக்காக் கேக்கவேணும் அக்கா. ரெண்டை ஒண்டா மாத்தினால் எது சுகப்படுத்தினது எண்டு ஒருநாளும் தெரியாது."

நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள் நான். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கும் சட்டத்தரணிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள் என்று சொன்னவள். அந்தக் கொள்கையை ஒரு வயர்லெஸ் திருத்துபவரின் வாயால் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாவது வியாழக்கிழமை, நாவலைக் கேட்டு வெட்டைத் தேட முடியாது என்றார். சுவரில் தொங்கும் என் மணிக்கூட்டின் டிக் டிக் ஓசையைப் பத்து நிமிடம் தன் தொலைபேசியில் பதிந்து, அதைக் கணினியில் போட்டார். "கதை எண்டால் விடுபட்டதைக் காது தானே இட்டு நிரப்பிப்போடும். மணிக்கூடு உதெல்லாம் செய்யவிடாது." அப்படியே இருந்தது. டிக்கும் டிக்கும் சேர்ந்து வழுக்கிய ஒவ்வொரு இடத்திலும் இருவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு விளக்கினார்.

"கிணத்தடியிலை தொட்டி இருக்கெல்லே. ஒருத்தன் அள்ளி ஊத்திறான், மற்றவன் தொட்டிக் குழாயைத் திறந்துபோட்டுக் குளிக்கிறான். ஊத்திறவனை ஆராவது இடையிலை கூப்பிட்டால், அவன் போட்டு வாறதுக்குள்ளை தொட்டி வத்திப்போகும். குளிக்கிறவன் தலையிலை சவுக்காரத்தோடை நிப்பான். உதுதான் உங்கடை வெட்டு."

"அப்ப ஊத்திறவனைக் கூப்பிடாமல் விடுறது."

"அவனுக்கு வேறை வேலையும் இருக்கு அக்கா. பெட்டியும் பழசு. தொட்டியைக் கொஞ்சம் பெரிசாக் கட்டுவம்."

கணினிக்குள் ஒரு கோப்பைத் திறந்து அதிலிருந்த ஓர் எண்ணை அழித்து, அதைப்போல் நான்கு மடங்கு எண்ணை எழுதினார். மணிக்கூடு பத்து நிமிடமும் ஓர் இடத்திலும் வழுக்காமல் ஓடியது.

அவர் போன பிறகு நாவலைப் போட்டேன். சொல்லின் நடுவில் வெட்டு இல்லை. ஆனால் வாசிப்பவர் நிறுத்தி மூச்சு வாங்கித் திரும்பத் தொடங்கும்போதெல்லாம் முதல் எழுத்தைக் காணவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "மணிக்கூடு வடிவா ஓடினதெல்லே" என்றார். மணிக்கூடு மூச்சு வாங்குவதில்லை என்றேன். நாவலைப் போட்டுக் கேட்டார். ஐந்தாறு நிறுத்தங்களைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்கள் சொன்னது சரி. கதை வாசிக்கிறவ மூச்சு விடுற நேரம் நான் பூட்டின சாமான் கண் அயருது. சத்தமில்லாத நேரம் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி அதுக்கு ஆரோ படிப்பிச்சிருக்கினம். அவ திரும்பத் தொடங்க இது திடுக்கிட்டு எழும்புது. எழும்பிறதுக்குள்ளை முதல் எழுத்துப் போட்டுது."

உறங்க வேண்டாம் என்று அதற்கு ஒரே ஒரு வரி எழுதினார். அதன் பிறகு நானும் அவரும் ஓர் அதிகாரம் முழுவதையும் கேட்டோம். ஓர் எழுத்தும் குறையவில்லை. பையைப் பூட்டும்போது அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவில் வருகிறது. "உங்கடை காது மீற்றர் மாதிரி அக்கா. இனி நீங்கள் வெட்டுது எண்டு சொன்னால் நான் சோதிச்சுப் பாக்கமாட்டன். வெட்டுதுதான்."

பிறகு, "என்ரை வேலை முடிஞ்சுது. ஏதும் எண்டால் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் கனடாவில். இந்த வீட்டில் சமையல் செய்துவிட்டுப் போகும் பெண் பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தினால், அடுத்த நாள் காலை வரையில் மனிதக் குரல் என்பது அந்தக் கணினியிலிருந்து வருவதுதான். வந்து கொஞ்ச நேரம் இருங்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டு வருபவர் இரக்கப்பட்டு வந்தவர் என்றே எனக்குத் தோன்றும். என் கணவரின் உறவினர் வந்தால்கூட என்ன அலுவலாக வந்தீர்கள் என்றுதான் கேட்பேன். அதனால் அவர்களும் அலுவல் இருந்தால் மட்டும் வருவார்கள்.

ஏதும் என்றால் தொலைபேசியில் எடுக்கச் சொன்னார் றெஜினா. அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை எடுத்தேன். "திரும்பவும் வெட்டுது" என்றேன்.

வெட்டவில்லை. அன்று காலை இரண்டு மணி நேரம் கேட்டிருந்தேன். தெளிந்த நீர்போல இருந்தது.

சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். அதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்து செய்தேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்காவது வியாழக்கிழமை அவர் வந்தார். பிறகு பதினான்கு மாதங்கள் வந்தார். குருநகரிலிருந்து யாழ்ப்பாண பஸ் நிலையம், அங்கிருந்து சாவகச்சேரி, பிறகு வெயிலில் பத்து நிமிட நடை. கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டுவார். "இப்ப ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்பார். நாவலைப் போட்டுவிட்டு இரண்டு நாற்காலிகளில் இருந்து வெட்டுக்காகக் காத்திருப்போம். ஒரு மணி நேரம், சில நாட்கள் இரண்டு. இப்படியே ஏழு நாவல்களைக் கேட்டு முடித்தோம்.

பாத்திரங்களைப் பற்றி அவருக்குத் திட்டமான கருத்துகள் இருந்தன. ஒரு நாவலில் ஒருவன் தன் மனைவியிடம் ஒரு விடயத்தை மறைத்துக்கொண்டே போனான். எட்டாம் அதிகாரத்தில் றெஜினா பொறுமை இழந்தார்.

"உவன் கடைசிவரைக்கும் சொல்லமாட்டான் பாருங்கோ."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

"சொல்லுறவன் எண்டால் ரெண்டாம் அதிகாரத்திலையே சொல்லியிருப்பான். கதையும் முடிஞ்சிருக்கும், எங்களுக்கும் வேலை இருந்திருக்காது."

அவர் குரல் ஒரு படி தாழ்ந்திருந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், இவ்வளவு நுட்பமாக எப்படிக் கேட்கிறீர் என்று கேட்டபோது, மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்தப் போர் ஆண்டுகளைச் சொன்னார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் அப்பாவுக்கு வானொலிச் செய்தி கேட்க வைப்பாராம். "நான் களைச்சால் செய்தி வாசிக்கிறவருக்கும் களைக்கும் அக்கா. அவர் இழுத்து இழுத்துக் கதைக்க, அப்பா எனக்குக் குட்டுவார்." நான் அடக்க முடியாமல் சிரித்தேன். "அட, உங்களுக்குச் சிரிக்கவும் வருமே. கோட்டிலை இப்பிடிச் சிரிச்சிருந்தால் எத்தினை பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பினம்" என்றார்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். கணினியின் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை றெஜினா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். "எப்பிடி அக்கா இந்தக் கிழமை?"

"வெட்டினதுதான். செவ்வாய்க்கிழமை மோசம்."

பையின் ஸிப் இழுபடும் சத்தம் கேட்டது. துணி ஒன்றை விரிக்கும் சத்தம். பிறகு கணினியின் பின்புறத்தில், எதையோ செருகும் சிறிய 'டக்'. எனக்குப் புரிந்துவிட்டது. முந்தைய வியாழக்கிழமை அந்த விரல்நீளச் சாதனத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஒரு படகுப் பெட்டியோடு பொருத்திப் பார்ப்பதற்காக என்று பிறகு அறிந்தேன். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அது இல்லாமல் அந்த வாரம் முழுவதும் கணினியிலிருந்து ஒரு சத்தமும் வந்திருக்க முடியாது. வெட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எத்தனையோ பொய்ச் சாட்சிகள் பிடிபட்ட கணத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

"செவ்வாய்க்கிழமை நல்ல மழையெல்லே" என்றார் றெஜினா. "இருக்கும். போன கிழமை எந்த அதிகாரத்திலை விட்டனாங்கள்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதற்கு முன்னரே தெரிந்திருக்கலாம். இருந்தும் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் எடுத்தேன். அவரும் வாறன் என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அது இரண்டு பெண்களுக்கு இடையிலான விடயம், எங்களோடு போயிருக்கும். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னவர் அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே நிற்கும்போது யாராவது, "இன்னும் அந்தக் குருநகர்ப் பிள்ளை வருதோ?" என்று கேட்பார்கள். "ஓம், இன்னும் சரிவரேல்லை" என்பேன். கன்னியர் மடத்துத் திருநாளில் கேட்டார்கள். அங்கும் சொன்னேன். மகனிடமும் சொன்னேன். இந்தச் சொற்கள் பஸ் ஏறிக் குருநகருக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

உங்கள் கோயிலில் புதிய ஒலி அமைப்பு ஒன்று போடத் தீர்மானித்தார்கள். எல்லாம் கணினி வழியாக இயங்குவது. அதை அமைக்கவும், பின்னர் ஒவ்வொரு ஞாயிறும் இயக்கவும் ஒருவர் தேவைப்பட்டார். றெஜினா அதை விரும்பினார். என்னிடம் அவர் விரும்பியதாகச் சொன்ன ஒரே விடயம் அது. "எங்கடை கோயில் அக்கா. சின்னனிலை நான் பாட்டுக்காரரோடை நிண்ட இடம். அந்தத் தூணுக்குப் பின்னாலை இருக்கிறவைக்கு இண்டைக்கும் பிரசங்கம் கேக்காது. எனக்குத் தெரியும் எங்கை ஸ்பீக்கர் வைக்கவேணும் எண்டு."

கோயில் சபைச் செயலாளர் ஒருகாலத்தில் நீதிமன்றத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவர். ஒரு நாள் பின்னேரம், அந்தக் காலத்து 'மேடம்' மரியாதை மாறாமல் தொலைபேசியில் அழைத்தார்.

"மடம், ஒரு விசயம் கேக்கவேணும். றெஜினாவுக்குத்தான் உந்த வேலையைக் குடுப்பம் எண்டு நிக்கிறம். ஆனால் உங்கடை பெட்டியையே ஒரு வருசமாத் திருத்திறா எண்டு ஆக்கள் கதைக்கினம். உண்மையோ? நீங்கள் சொன்னால் எங்களுக்குப் போதும்."

சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நிற்பவரிடம் கேட்பதுபோல் தெளிவான ஒரே கேள்வி. ஓம் அல்லது இல்லை. அது சரியாகி ஒரு வருடம் ஆகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் றெஜினா ஏன் இன்னும் வருகிறார் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலை, எனக்குக் கீழே கோப்புத் தூக்கிய ஒருவருக்குச் சொல்ல என் வாய் வரவில்லை.

"வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றேன்.

"சரி மடம். விளங்குது" என்றார். வேலை வேறொரு கடைக்குப் போனது.

அடுத்த வியாழக்கிழமை றெஜினா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். இரண்டு நாற்காலிகளையும் அவரே இழுத்துப் போட்டார். அன்று கறுப்புத் திரையைத் திறக்கவில்லை, எதையும் தட்டவில்லை. நாவலை மட்டும் போட்டார். தேநீர் ஊற்றியபோது, "கோயில் வேலை என்ன மாதிரி?" என்று கேட்டேன். கேட்காமல் இருப்பது கேட்பதைவிடப் பெரிய பொய்யாக இருந்திருக்கும்.

"வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டினமாம்."

"ஏனாம்?"

கோப்பை தட்டில் வைபடும் சத்தம் கேட்டது. "அதை நீங்கள் அவையைத்தான் கேக்கவேணும்" என்றார். குரல் தாழவில்லை. கேலி இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து வியாழக்கிழமைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொன்றிலும் அவர் போகும் நேரம் வந்தது. கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை நான் எடுத்தபோது, "என்ன, வெட்டுதோ?" என்று அவரே கேட்டார். "ஓம்" என்றேன். "சரி, வாறன்" என்றார். அந்த 'ஓம்'தான் அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல்.

அடக்கத்துக்கு வந்தேன். கோயிலின் புதிய ஒலிபெருக்கிகளில் செபமாலைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவர் ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தித் தொடங்கினார். தொடங்கிய ஒவ்வொரு முறையும் முதல் எழுத்து இல்லை. 'ருள் நிறைந்த மரியே' என்று வந்தது. மறுபடியும் 'ருள் நிறைந்த மரியே'. சவப்பெட்டிக்கு அருகே இருந்து செபமாலையின் ஐம்பது மணிகளையும் அப்படியே கேட்டேன். அந்தக் கோயிலுக்குள் இருந்தவர்களில் அது என்ன வருத்தம் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். எழுதக் கூடியவர் மூடிய பெட்டிக்குள் இருந்தார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், "புதுச் சிஸ்ரம், இப்பிடி இழுக்குது" என்றார். அவருக்கு அப்பால் இருந்தவர், "றெஜினா, பாவம், அவவிட்டைக் குடுத்திருந்தாலும் உதுதானே. சாவகச்சேரிக் கிழவியின்ரை பெட்டியையே திருத்தத் தெரியேல்லை" என்றார். என்னை அவர்களுக்குத் தெரியாது. நான் என் செபமாலை மணியை நகர்த்தினேன். அங்கும் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மலருக்குக் கட்டுரை கேட்டுத் தம்பி என் வீட்டுக்கு வந்தபோது, அவரை றெஜினாவின் நாற்காலியில் இருத்தி, இங்கே எழுதியிருப்பதை முழுவதும் சொன்னேன். அவர் நடுவில் எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து இருந்தார்.

"எங்களுக்குத் தெரியும் அன்ரி" என்றார். "வேலை போனண்டைக்கு நான் சத்தம் போட்டனான். இப்பவே கோயிலுக்குப் போய், அது எப்பவோ திருத்தியாச்சு எண்டு சொல்லு, இல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன் எண்டனான். அக்கா விடேல்லை."

"என்ன சொன்னவ?"

"'திருத்தினது நான். சரி எண்டு சொல்லவேண்டியது அவ. அவ சொல்லட்டும்' எண்டவ. பேந்து வியாழக்கிழமை விடியவே உங்களிட்டை வெளிக்கிட்டிட்டா."

அவர் என்னை மன்னித்திருந்தார் என்று நீங்கள் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காத்திருந்தார். ஒன்றை மாற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல, ஐந்து வியாழக்கிழமைகள் என் பக்கத்தில் இருந்து அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

செயலாளரை அழைத்துச் சொல்லிவிட்டேன். "இப்ப ஏன் மடம் உதெல்லாம், ஆள் போட்டா" என்றார். ஆள் போனால் சாட்சியம் போகாது என்றேன். இதை மலரில் அச்சிட வேண்டாம் என்று குடும்பத்தில் சிலர் சொன்னதாகக் கேள்வி. அச்சிடும்படி தம்பியை நான்தான் வற்புறுத்தினேன்.

ஆகவே, குருநகர் மக்களே, சொல்கிறேன். என்னுடைய கணினியில் மூன்று பழுதுகள் இருந்தன. மூன்றையும் மூன்று வாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் எதனால் என்று அறிந்து றெஜினா திருத்தினார். மூன்றாவது வியாழக்கிழமைக்குப் பிறகு அது ஒருமுறைகூட வெட்டவில்லை. வெட்டியதாக நான் சொன்னதெல்லாம் பொய். அவருக்குத் தொழில் தெரியாது என்று உங்களில் யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சொல் என்னிடமிருந்து வந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை என்னுடையது.

அவருடையதாக என்னிடம் இருப்பது அவர் செய்து முடித்த அந்த வேலைதான். காலையில் பெட்டியைப் போட்டால், வாசிப்பவர் மூச்சு வாங்கித் திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் முதல் எழுத்து முழுதாகக் கேட்கிறது. நான் சொல்வதை இனி நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. வந்து உங்கள் காதால் கேளுங்கள். சாவகச்சேரி பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிடம். யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. என்ன அலுவலாக வந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.